பின்சுவர்ப் பெரணியின் மூல மாதிரி

சுவரில் செடி முளைத்தால் ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்கிப் போடுவதுதான் உலக வழக்கம். தையல்காரம்மா அப்படிச் செய்யாததற்குக் காரணம் நேர்மை என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் பெரிய வார்த்தை. தொழில் பழக்கம், அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஊரார் இடுப்பை அளந்து உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தவள் அவள். நாற்பது என்றால் நாற்பது. முப்பத்தெட்டு என்று போட்டுக்கொள்ளேன் என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். போட்டதில்லை. போட்டால் துணி கிழியும்.

அவள் தைக்கிற பின்னறையின் வெளிச்சுவர் வெடித்துவிட்டது. தையல் மிஷினுக்கு நேர் எதிரே, ஜன்னலுக்குப் பக்கத்தில் கூரையடியில் ஆரம்பித்துத் தரை வரைக்கும் ஒரு விரிசல். விரிசலுக்குள்ளிருந்து ஒரு பெரணிச் செடி, பஸ் ஜன்னலில் தலை நீட்டுகிற பிள்ளை மாதிரி இலையை நீட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் வந்து விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது. இரண்டாவதும் போனது.

“அக்கா, மழைக்கு முன்னால இதப் பூசிடணும். செடியப் பிடுங்கி, வேர எடுத்துட்டு, சிமெண்டு வச்சு அடைச்சா ரெண்டு நாள் வேலை. விட்டீங்கன்னா சுவரு உள்ள வந்து மிஷின்ல உக்காந்துக்கும்.”

மழைக்கு நாலு மாசம் இருந்தது. அந்த அறைதான் அவளுக்குச் சோறு போடுகிற அறை. தைத்ததும் தைக்காததுமாக எப்போதும் முப்பது பேருடைய துணி அங்கே இருக்கும். ஆகவே அன்றைக்கே பூசச் சொல்லியிருப்பாள். ஆனால் சுவருக்கு மறுபக்கம் நகராட்சிச் சந்து. சந்தில் சாரம் கட்ட அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு படிவம். படிவத்தில் பதினேழாவது கேள்வி: சுவரில் தாவரம் உண்டா? உண்டெனில் அதன் பெயர்.

அந்தத் தெருவில் சுவர் பூசிய அத்தனை பேரும் ‘இல்லை’ என்று எழுதியவர்கள்தான். சுவரில் ஆலமரமே முளைத்திருந்த வீட்டுக்காரரும் ‘இல்லை’ என்று எழுதினார். பார்வையிட வந்த அலுவலர் அந்த மரத்தடி நிழலில் நின்றுதான் கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மா மட்டும் ‘உண்டு. பெரணி’ என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள்.

படிவம் இரண்டாம் நாளே திரும்பி வந்தது. பெரணி என்பது பெயர் இல்லையாம். ஒருத்தர் பெயரைக் கேட்டால் ‘மனுஷன்’ என்று எழுதுகிற மாதிரியாம் அது. எந்தப் பெரணி என்பதற்குத் தாவர அடையாள நிலையத்தில் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டுமாம்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“கேட்டா பதில் சொல்லணும்னு யாரு சொன்னா? முப்பது வருஷம் ‘இந்த பஸ் எப்ப கெளம்பும்’னு கேட்டாங்க. ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?”

தையல்காரம்மா ஒரு இலையைப் பறித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினாள். போனால் வாசலிலேயே காவலாளி பையைப் பிரித்துப் பார்த்து, காய்ந்திருக்கிறதா என்று கேட்டார். இப்போதுதான் பறித்தது, பச்சையாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள். அவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ‘உயிருள்ள தாவரங்களுக்கு அனுமதி இல்லை.’ இலையை வாசலில் வைத்துவிட்டு இவள் மட்டும் உள்ளே போனாள்.

உள்ளே அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில், இத்தனை செடி படித்தவர்கள் நடுவில், ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. பெரணிப் பிரிவு கடைசி அறை. அறை ஒன்றுதான். நடுவில் ஒரு இரும்பு பீரோவை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிபுணர், இந்தப் பக்கம் ஒரு நிபுணர். அந்தப் பக்கத்துக்காரர், வேறு வேறாகத் தெரிகிற செடிகள் எல்லாம் உண்மையில் ஒன்றுதான் என்று நிரூபிப்பதில் ஆயுளைச் செலவிட்டவர். இந்தப் பக்கத்துக்காரர், ஒன்றாகத் தெரிகிற செடி உண்மையில் ஏழு என்று நிரூபிப்பதில் தலை நரைத்தவர். தையல்காரம்மா மனசுக்குள் ஒருவருக்குச் சேர்க்கிறவர் என்றும் இன்னொருவருக்குப் பிரிக்கிறவர் என்றும் பெயர் வைத்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் நாலே நிமிஷத்தில் வைக்கப்பட்ட பெயர்கள் அந்த இரண்டுதான். சேர்க்கிறவர் கணக்கில் உலகத்தில் மொத்தமே நாலு பெரணி. பிரிக்கிறவர் கணக்கில் அவர் மேஜை மேலேயே நாற்பது. இருவரும் பேச்சை நிறுத்திப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு குமாஸ்தா பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பீரோவைச் சுற்றித் தரையில் ஒரு பாதையே தேய்ந்து கிடந்தது. சான்றிதழில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

குமாஸ்தா விதிகளை விளக்கினார். ஒற்றை இலையெல்லாம் செல்லாது. வேரோடு, தண்டோடு, முழுச் செடியும் காய வைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கென்ன, நாளைக்கே பிடுங்கிக் காய வைக்கிறேன் என்றாள் தையல்காரம்மா. குமாஸ்தா பதறிவிட்டார். பெயர் தெரியாத செடியைப் பிடுங்கக் கூடாது. அபூர்வ இனமாக இருந்தால்?

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “அப்ப, பேர் தெரிஞ்சாதான் பிடுங்கலாம். பிடுங்கினாதான் பேர் தெரியும்.”

“சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா,” என்றார் குமாஸ்தா சந்தோஷமாக. “நிறையப் பேருக்கு இது புரியறதே இல்ல.”

அப்படியானால் நீங்களே ஒரு நடை வந்து பார்த்துவிடுங்களேன் என்று அவள் கேட்டதும் பீரோவின் இரண்டு பக்கமும் நாற்காலி பின்னால் நகர்ந்தது. செடியை அது இருக்கிற இடத்துக்கே போய், அதுவும் உயிரோடு பார்ப்பதா? சேர்க்கிறவர் உயிருள்ள பெரணியைக் கடைசியாகப் பார்த்தது மாணவராக இருந்தபோதாம். அது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று குமாஸ்தா மூலம் தெரிவித்தார். ஆனாலும் விதிவிலக்குகளுக்கென்று ஒரு விதி இருந்தது. அதன்படி மனு எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்துக் குழு வந்தது.

ஜீப்பில் ஐந்து பேர் வந்தார்கள். நிபுணர்கள் இருவரும் முன் சீட்டில் ஒருவர், பின் சீட்டில் ஒருவர். துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறி நின்று, லென்ஸைக் கண்ணில் வைத்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெரணிக்குப் பூவும் கிடையாது காயும் கிடையாது. இலைக்கு அடியில் பழுப்பாக வித்துப் பொடி பிடிக்கும். அதை வைத்துத்தான் இன்ன பெரணி என்று சொல்ல முடியும். இந்தச் செடியில் பொடி இன்னும் பிடிக்கவில்லை. இளசு. ஆகவே வித்துப் பிடிக்கும் வரை செடியைப் பாதுகாக்க வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றிய அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கொடுத்தார்கள்.

“ஐயா, தண்ணி ஊத்தினா சுவரு ஊறிடுமே. இந்த விரிசலப் பாருங்க,” என்றாள் தையல்காரம்மா.

பிரிக்கிறவர் மேஜையிலிருந்து விழாமல் இருப்பதற்காக அந்த விரிசலுக்குள்தான் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். “விரிசல் எல்லாம் நாங்க பாக்கறதில்லம்மா,” என்றார். “அது பொறியாளர் பிரிவு.”

தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கண்டக்டர் ஏற்றுக்கொண்டார். காலை ஆறு மணிக்கு ஒரு சொம்பு, மாலை ஆறு மணிக்கு ஒரு சொம்பு. தன் வீட்டுச் சுவரைத் தானே தண்ணீர் விட்டு வளர்த்து விழவைக்கிற மனுஷன் உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்று ஒவ்வொரு சொம்புக்கும் சொல்லிக்கொண்டார். தையல்காரம்மா பதிவேட்டில் தண்ணீர் அளவை எழுதினாள். அளவு நாடா கையிலேயே இருந்ததால் பக்கத்திலேயே விரிசல் அளவையும் எழுதி வைத்தாள். ஒன்றரை அங்குலம். ஒன்றே முக்கால். இரண்டு. மாசக் கடைசியில் பதிவேட்டைச் சரிபார்த்த குமாஸ்தா விரிசல் கணக்கையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, ‘தொடர்பற்ற விவரம்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

மழைக்கு ஒரு மாசம் இருக்கும்போது பெரணி வித்துப் பிடித்தது. கண்டக்டர் அதைப் பூச்சி என்று நினைத்துச் சோப்புத் தண்ணீரோடு வந்தார். தையல்காரம்மா தடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பினாள். அசந்துபோனாள். இலையின் ஓரம் இரண்டு பக்கமும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அந்த மடிப்புக்குள் நூல் பிடித்த மாதிரி, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கோணாமல், பழுப்புப் பொடி. அவ்வளவு மெல்லிசாக ஓரம் மடிக்க அவளுக்கு இன்னொரு முப்பது வருஷம் ஆகும்.

ஒரு இலை மட்டும் வெட்டிக்கொள்ளத் தனி உத்தரவு வாங்கி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, துணி மூட்டையைத் தூக்கி மேலே வைத்துப் பத்து நாள் காயவைத்தாள். அப்பளமாகக் காய்ந்த இலையோடு போனபோது காவலாளி எழுந்து நின்று வழிவிட்டார்.

சேர்க்கிறவர் இலையைப் பார்த்துவிட்டு ஓரம் ஒரு மடிப்பு என்றார். குமாஸ்தா பீரோவைச் சுற்றிப் போனார். பிரிக்கிறவர் பார்த்துவிட்டு இரண்டு மடிப்பு என்றார். ஒரு மடிப்பு என்றால் ஒரு இனம், இரண்டு மடிப்பு என்றால் வேறு இனம். குமாஸ்தா பதினொரு தடவை சுற்றினார். சாயங்காலம் ஆகிவிட்டது. தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இது ஒத்தை மடிப்புங்க. ரெட்டை மடிப்புன்னா ஓரம் தடிக்கும். விரல வச்சுப் பாருங்க, தெரியும்.”

பிரிக்கிறவர் பீரோவின் வலது பக்கத்திலிருந்தும் சேர்க்கிறவர் இடது பக்கத்திலிருந்தும் தலையை நீட்டினார்கள். இவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று இருவரும் ஒரே குரலில் குமாஸ்தாவைக் கேட்டார்கள். தையல் என்றாள் அவள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிபுணர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: விண்ணப்பதாரர் கருத்துச் சொல்லக் கூடாது. குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டார்.

இனி மூல மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி என்று விஷயம் இயக்குநரிடம் போனது. ஒரு செடிக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்தச் செடியைத் தாளில் ஒட்டினார்களோ அதுதான் மூல மாதிரி. அந்தப் பெயர் அந்தத் தாளுக்குத்தான் சொந்தம். காட்டில் இருக்கிற மற்றதெல்லாம் அதனுடைய சாயல் இருந்தால் பெயரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். இயக்குநர் தையல்காரம்மாவை உட்கார வைத்து இதை விளக்கினார்.

“உயிரோட இருக்கிற செடிய நம்ப முடியாதும்மா. நாளைக்கு ஒரு இலை கூட விடும். நாளன்னிக்கு ஒண்ணு உதிர்க்கும். கேட்டு செய்யுதா? அதை நம்பிப் பேர் வைக்கலாமா? இங்க முப்பதாயிரம் செடி இருக்கு. நான் பொறுப்பேத்து பதினாலு வருஷம் ஆகுது. ஒண்ணாவது வளர்ந்திருக்கா? அந்த ஒழுக்கத்த நான் இங்க கொண்டுவந்திருக்கேன்.”

மூல மாதிரி இருந்த பெட்டிக்கு இரண்டு சாவி. மூன்று கையெழுத்து. கையுறை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு தாளை எடுத்து வைத்தார்கள். தாளின் வலது மூலையில் பெயர்ச்சீட்டு இருந்தது. முத்திரை இருந்தது. செடியைத் தாளோடு சேர்த்துத் தைத்த நூல் நாலு இடத்தில் இருந்தது. நூலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. நாலு தையலும் வெறும் காற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. தாள் நடுவில் சின்னதாக ஒரு வண்டு, நன்றாகச் சாப்பிட்ட தெம்போடு நடந்து போனது.

பிரிக்கிறவர்தான் லென்ஸை எடுத்தார். அரை மணி நேரம் தாளைப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவின் இலையைப் பார்த்தார். பிறகு எழுதினார்: ‘மூல மாதிரியில் இலைகள் காணப்படவில்லை. விண்ணப்பதாரரின் செடியில் இலைகள் உள்ளன. ஆகவே இரண்டும் ஒரே இனம் அல்ல.’ குமாஸ்தா எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும் சேர்க்கிறவருக்கும் மறுக்க வழி தெரியவில்லை. கண்ணால் கண்ட ஆதாரம். கையெழுத்துப் போட்டார்.

புதிய இனம். உலகத்தில் வேறெங்கும் இதுவரை பதிவாகாதது. இயக்குநரின் பெயரையே அதற்கு வைப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார். தையல்காரம்மாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வந்தது.

அதைக் குடிக்காமலேயே கேட்டாள். “அப்ப பிடுங்கலாமுங்களா? மழைக்கு எட்டு நாள்தான் இருக்கு.”

தாராளமாக என்றார் இயக்குநர். புதிய இனம் என்றால் புதிய மூல மாதிரி வேண்டும். வேரோடு முழுச் செடி வேண்டும். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் கை வைக்க வேண்டாம் என்றார். தையல்காரம்மா பல மாசத்துக்குப் பிறகு சிரித்துக்கொண்டே வீடு வந்தாள். வருகிற வழியிலேயே கொத்தனாரிடம் வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை ஆட்கள் வந்தார்கள். விதிப்படி ஒரு வேர்நுனிகூட அறுபடக் கூடாது. இரண்டு மாசம் வேளை தவறாமல் தண்ணீர் குடித்த வேர், சுவருக்குள் எங்கெங்கே போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதலில் செடியைச் சுற்றி ஆறு செங்கல்லை எடுத்துப் பார்த்தார்கள். வேர் இன்னும் உள்ளே போனது. இன்னும் ஆறு. பகல் ஒரு மணிக்கு நிபுணர்கள் ஜீப்பிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்கள்: வேரையும் சுவரையும் பிரிக்க இயலாது. ஆகவே சுவரும் மாதிரியின் பகுதி.

எடுத்த செங்கல்லைத் திரும்பச் செருகினார்கள். கூரைக்கு இரண்டு கம்பம் முட்டுக் கொடுத்தார்கள். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்கள். சுவரை அடியிலிருந்து உச்சி வரை ஒரே துண்டாக அறுத்து, போர்வை சுற்றி, கயிறு கட்டி, பாரந்தூக்கி வைத்து லாரியில் ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. குமாஸ்தா ரசீது கொடுத்தார்: ‘பெரணி, சுவருடன் - ஒன்று.’

தையல்காரம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். எதிரே சந்து. சந்தில் போகிற ஆள் ஒருவர் நின்று, ரவிக்கை தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மழை சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள். காற்று அதைக் கழற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டு பேர் துணி நனைந்து சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. மூன்றாம் நாள் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, என் சுவரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நிலையத்துக்கே போனாள்.

பெரிய கூடத்தின் நடுவில் இரும்புச் சட்டத்தில் அவள் சுவர் நின்றது. ஜன்னல்கூட அப்படியே. மேலே விளக்கு. முன்னால் கயிற்றுத் தடுப்பு. இயக்குநரின் பெயர் பித்தளைப் பலகையில், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘விண்ணப்பதாரரின் பின்னறைச் சுவர்’. தண்ணீர் நிறுத்திவிட்டதால் பெரணி பழுத்துச் சுருண்டு, அந்தக் கட்டடத்துக்கு ஏற்ற செடியாக மாறிக்கொண்டிருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய கொத்தனார்.

மாதிரி ஆடினால் வேர் அறுந்துவிடும் என்று அவசர அனுமதி கொடுத்து விரிசலை அடைக்கச் சொன்னார்களாம். செடி இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் அழகாகப் பூசி, மட்டக்கோல் வைத்துத் தேய்த்திருந்தார்.

“ரெண்டு நாள் வேலைதான்க்கா,” என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

குமாஸ்தா நகராட்சிக் கோப்போடு ஓடி வந்தார். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்றார். பின்னறைச் சுவரின் விரிசலை அடைத்துப் பூசக் கோரிய விண்ணப்பம். விரிசல் அடைக்கப்பட்டது, சுவர் பூசப்பட்டது, திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம். தையல்காரம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. சுவரை ஒரு தரம் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கதவு திறந்ததும், கைவண்டியில் தையல் மிஷினோடு வந்தாள். கயிற்றுத் தடுப்பைத் தாண்டி, ஜன்னலுக்கு எதிரே, எப்போதும் போடுகிற இடத்தில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் விரைந்து வந்தார். இது என்ன கூத்து என்றார்.

“உங்க பலகைல ‘விண்ணப்பதாரரின் பின்னறைச் சுவர்’னுதான எழுதியிருக்கு,” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. இந்தப் பக்கம் என் பின்னறை. நான் என் அறைல உக்காந்திருக்கேன்.”

இயக்குநர் நிபுணர்களைக் கூப்பிட்டார். சேர்க்கிறவர் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவர் ஒன்றானால் அறையும் ஒன்றுதான் என்றார். பிரிக்கிறவர் இல்லவே இல்லை, தரை வேறு, கூரை வேறு, ஆகவே இது முற்றிலும் வேறு அறை என்றார். குமாஸ்தா சுவரைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். கடைசியில் அறையை அடையாளம் காண ஒரு குழு போடப்பட்டது. குழு அறிக்கை தரும்வரை எதையும், யாரையும் இடம் மாற்றக் கூடாது என்று உத்தரவு ஒட்டப்பட்டது.

மத்தியானம் கண்டக்டர் தலை நனைய, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்கிறவரின் சட்டைக்குப் பொத்தான், பிரிக்கிறவரின் கால்சட்டைக்குக் கிழிசல் என்று வேலை அதற்குள் சேர்ந்திருந்தது.

“ஒழுகுதா?” என்றார்.

“ஒரு சொட்டு இறங்கல. நல்ல பூச்சு. வீடு எப்படி இருக்கு?”

“மிச்ச மூணு சுவரையும் சுத்திப் பாத்தேன். சமையக்கட்டுச் சுவர்ல புதுசா ரெண்டு இலை எட்டிப் பாத்துது.”

மிஷின் நின்றது. “என்ன செடி?”

“பேரெல்லாம் கேக்கல,” என்றார் கண்டக்டர், பாத்திரத்தைத் திறந்துகொண்டே. “பிடுங்கிட்டேன்.”

தையல்காரம்மா குமாஸ்தாவின் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “மெதுவாப் பேசுங்க,” என்றாள்.